தெரியாததைத் தெரியாது என்றவர்

அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவருடைய மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் ஆன்லைன் வகுப்பு நடக்கும். என் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு கட்டம். துறைமுகத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியின் கட்டத்தில் டாக்டர்களும் நர்சுகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆலை டிஸ்பென்சரியில் ஒரு டாக்டர் மட்டும் டை கட்டிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்ப்பார். ஸ்ரீவைகுண்டத்து நர்சிங் ஹோம் கேமராவைப் போட்டதே கிடையாது. கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும் இருக்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கட்டத்தில் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அங்கிருந்த ஒரே டாக்டர் போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தபடி பாடம் கேட்பார். யாரோ ஒரு பெண் டாக்டர் என்பது குரலை வைத்துத்தான் தெரியும்.

நான் தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பாடம் எடுப்பவள். சொந்த ஊர் நாசரேத், வீடு மில்லர்புரம். கம்ப்யூட்டர் வேலை எனக்குக் கொஞ்சம் வரும் என்று யாரோ மேலிடத்தில் சொல்லிவைத்ததால் அந்த ஆன்லைன் வகுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. லிங்க் அனுப்புவது, வருகை குறிப்பது, சர்டிபிகேட் அனுப்புவது எல்லாம் நான்தான்.

முதல் முறை அந்த விசிறிக் கட்டத்துக் குரலைக் கேட்டது ஈசிஜி வகுப்பில். மதுரையிலிருந்து ஒரு இருதய டாக்டர் எடுத்தார். படம் படமாகப் போட்டுக்கொண்டே போனார். முடிவில், "எனி டவுட்ஸ்?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வது வழக்கமில்லை. பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் புரிந்தது என்று அர்த்தம். இருதய டாக்டர் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது விசிறிக் கட்டத்திலிருந்து குரல் வந்தது.

"சார், அந்த மூணாவது படத்துல ஹார்ட் அட்டாக்னு சொன்னியள்லா. அது எதை வச்சு சொன்னிய? எனக்கு நாலு படமும் ஒண்ணு போலத்தான் தெரியுது."

மைக்கை அணைக்க மறந்திருந்த யாரோ சிரித்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. எனக்கே கூச்சமாகப் போயிற்று. விசிறி நிதானமாகச் சுற்றியது.

"சிரிச்சது யாருன்னு தெரியல. தெரிஞ்சவியளா இருந்தா நீங்களே சொல்லுங்க. சாருக்கும் தண்ணி குடிக்கக் கொஞ்சம் நேரம் கெடைக்கும்," என்றார்.

யாரும் சொல்லவில்லை. இருதய டாக்டர் திரும்பிப் போய் அந்தக் கோடு எங்கே தரையை விட்டு எழும்புகிறது, எங்கே இறங்காமல் நிற்கிறது என்று அம்புக்குறியால் காட்டினார். அந்தப் பாடத்தை வருஷக்கணக்காக நர்சுகளுக்கு நடத்தியவள் நான். அன்றைக்குத்தான் எனக்கும் அது முழுசாக விளங்கியது.

அந்த விசிறிக் கட்டத்து டாக்டர் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்பார். மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்வார். மன்னிப்புக் கேட்கிற தொனி இருக்காது. அதில் ஒரு பெருமையும் இருக்காது.

எங்கள் வகுப்புக்கு மற்ற ஆஸ்பத்திரிகள் வந்து சேர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. டாக்டர்கள் தங்கள் மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் இத்தனை வகுப்பில் உட்கார்ந்தேன் என்பதற்கு கிரெடிட் புள்ளிகள் காட்டவேண்டும். முன்பெல்லாம் அதற்காகவே லீவு போட்டு, பஸ் ஏறி, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய், ஹோட்டல் ஹாலில் சாப்பாட்டோடு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஒரே டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் அதற்கும் வழி கிடையாது. அவர் போனால் ஆஸ்பத்திரியைப் பூட்டவேண்டியதுதான். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வகுப்பு ஆன்லைனில் வந்தது. வெளியாட்களும் கேட்கலாம் என்று லிங்கைக் கொடுத்தோம். ஆனால் கிரெடிட் எங்கள் டாக்டர்களுக்கு மட்டும்தான்.

அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் போன் போட்டார். "ஏளா, நீதான லிங்க் அனுப்புத பிள்ள? ஒரே பாடத்தை ஒரே நேரத்துல கேக்கோம். ஒங்க டாக்டர் கேட்டா படிப்பு, நான் கேட்டா பொழுதுபோக்கா?"

நான் எங்கள் ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்டிடம் போய் அதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எல்லா ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நடத்தும் வகுப்பாக மருத்துவக் கவுன்சிலில் அனுமதி வாங்க அலைந்தார். கிடைத்தது. அதன்பின் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டாலும் கிரெடிட் ஒன்றுதான்.

நேரில் பார்த்தது அதற்குப் பிறகு. அவர் கட்டத்திலிருந்து எதிரொலி அதிகமாக வருகிறது என்று ஒரு ஸ்பீக்கர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி கடலுக்கு மிகப் பக்கம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி எல்லாம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. குள்ளமான பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். கோட்டுப் பையில் டார்ச்சும் ஜெபமாலையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. டார்ச்சை எடுக்கும்போதெல்லாம் ஜெபமாலையும் கூடவே வரும். அதைப் பிரித்துப் பையில் போட்டுவிட்டுத்தான் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வார். ஊரில் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. நான் மேடம் என்பேன்.

நான் போனபோது ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு மேலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. பக்கத்தில் மூத்த மகன் நின்றான். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். கடைசியில் நிமிர்ந்து, "இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா," என்றார். "படம் எடுத்துக்கிடுதேன். தோல் டாக்டர்ட்ட கேட்டு வைக்கேன். நாளைக்கழிச்சு வாங்க. அதுக்குள்ள மூச்சு வாங்குனா ஒடனே வந்துரணும்."

அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. வெளியே வராந்தாவில் என்னிடம், "டாக்டரே தெரியாதுங்காவ. இவியட்ட எப்பிடிம்மா காமிக்க?" என்றார். மகன் தாயைக் கூட்டிக்கொண்டு அப்படியே திருச்செந்தூர் பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் சிஸ்டருக்கு அதில் வருத்தம் இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது என் எதிரிலேயே சொன்னார். "டாக்டரம்மா, தெரியாதுங்கறதுக்குப் பதிலா 'பாத்துக்கலாம்'னு சொல்லலாம்லா? ஜனங்க பயந்துபோறாங்க."

"பாத்துக்கலாம்னும் சொல்லுதேன் சிஸ்டர். மொதல்ல தெரியாதுன்னு சொல்லிட்டு, பெறகு சொல்லுதேன்."

"அதான் அவங்க அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருதாங்களே."

"போனா என்ன? வேற ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்." மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். சிஸ்டர் குழம்பை என் பக்கம் நகர்த்தினார். ரொம்ப நாளாக நடக்கிற பேச்சு என்று புரிந்தது.

எங்கள் நர்சுப் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கேட்கத் தங்களுக்கு வெட்கமாக இருக்கிறதென்று, தெரிந்திருந்தும் தெரியாததுபோல தங்களுக்காக அவர் கேட்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் போனில் அதைச் சொல்லியும்விட்டேன்.

"ஏளா, யாரு இந்தக் கதையைக் கெளப்புனா?" என்றார். "தெரியாமத்தான் கேக்கேன். நான் படிச்சு முடிக்கையில இப்ப உள்ள மருந்துல பாதி கெடையாது. இங்கன வந்து பிரசவம், காய்ச்சல், மீன் முள்ளு குத்துனதுன்னு பாத்தே காலம் போச்சு. தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நடிக்க எனக்கென்ன கிறுக்கா?"

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிள்ளைகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. சும்மா இருந்தால் புண்ணியவதி என்ற பெயராவது நிலைத்திருக்கும். அதையும் வேண்டாம் என்கிறாரே என்று பட்டது.

அப்புறம் அந்தப் பரீட்சை. ஒவ்வொரு பாடத்தொகுதிக்கும் கடைசியில் ஆன்லைனில் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. தேறினால்தான் கிரெடிட். தேறாதவர் என்று அதுவரை ஒருவரும் கிடையாது. ஏனென்றால் முதலில் எழுதியவர் விடைகளை வாட்ஸப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே எழுதி முடிப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சிறுநீரக நோயாளிகளுக்கு மருந்தின் அளவு பற்றிய பரீட்சையில் டாக்டரம்மா மட்டும் பெயிலானார்.

அவருடைய பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த கிரெடிட் இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும். பதிவு போனால் அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டரே இல்லை. நான் பதறிப்போய்ப் போன் போட்டேன்.

"மேடம், நெட் கட்டாயிருச்சுன்னு போட்டு உங்களுக்கு மறுபடி ஓப்பன் பண்ணித் தாரேன்."

"நெட் நல்லாத்தான இருந்துச்சு."

"இல்ல மேடம், மத்தவங்க எல்லாரும் எப்படி எழுதுனாங்கன்னா..."

"தெரியும்ளா. எனக்கும் வந்துச்சு. பாக்கல. பாத்து எழுதியிருந்தா, எனக்கு அந்தப் பாடம் வெளங்கலங்கறது எனக்கே தெரியாமப் போயிருக்கும்லா. நாளைக்கு ஒரு கிட்னி கேசு வந்து நிக்கும். அங்கன எந்த வாட்ஸப்பப் பாக்க?"

"பதிவு விஷயம் மேடம்."

"பெயில்னா பெயில்னு போடு. அந்தப் பாடத்தை மறுபடி எப்ப வைப்பிய, அதைச் சொல்லு."

மறுபடி வைக்கிற வழக்கமே கிடையாது. ஒரு ஆளுக்காகக் கேட்கிறேனே என்று தயங்கித் தயங்கித்தான் அந்தப் பாடம் எடுத்த சிறுநீரக டாக்டரிடம் பேசினேன். அவர் மறுக்கவில்லை. அந்த மறுவகுப்பில் ஒரு கட்டம்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து லிங்கைத் திறந்தேன். ஏற்கனவே தேறியிருந்த பலர் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த முறை அவர் தட்டுத்தடுமாறித் தேறினார். "இப்ப பாஸ்னு போடு," என்று மட்டும் செய்தி வந்தது.

வகுப்பு வளர்ந்தது. மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி கூட்டுச் சேர்ந்தது. நல்ல நல்ல டாக்டர்கள் அங்கிருந்து பாடம் எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் கல்விப் பிரிவுத் தலைவர் கண்ணியமான மனிதர். நேரம் தவறினால் மட்டும் அவருக்குத் தாங்காது.

கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்களுக்கு வரும் பாதிப்பு பற்றி ஒரு வகுப்பு வைத்தோம். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் எடுத்தார். எங்கள் கடலில் இன்றும் சங்கு குளிக்கிறவர்கள் உண்டு. படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் கிடப்பார்கள். நெடுநேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் கரைந்திருந்த காற்று குமிழ் குமிழாகப் பிரிந்து ரத்தத்தையும் தண்டுவடத்தையும் அடைக்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி செத்துப்போகலாம். அழுத்த அறைக்குள் ஆளை வைத்து சிகிச்சை செய்யவேண்டும். சேம்பர் என்பார்கள். அது எல்லா ஊரிலும் கிடையாது.

டாக்டரம்மா கேட்க ஆரம்பித்தார். "சேம்பர் எங்கட்ட இல்ல சார். அது வரைக்கும் போய்ச் சேருததுக்கு நடுவுல நான் கையால என்ன செய்யணும்? மொதல்லருந்து ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க." எந்த மாஸ்க், எப்படிப் படுக்கவைப்பது, வலி குறைந்துவிட்டது என்று சொன்னால் ஆக்சிஜனை நிறுத்தலாமா, மறுபடி கடலுக்குள் இறக்குகிறார்களே அது சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடற்படை டாக்டர் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனார். வகுப்பு நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியும் முடியவில்லை. கல்விப் பிரிவுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

வகுப்பை நடத்தும் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவர் அதை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "பெரியவங்க, மதிக்கிறேன். ஆனா அடிப்படைக் கேள்விகளால எல்லாருக்கும் நேரம் போகுது. இப்ப மத்த மாவட்டத்துக்காரங்களும் பாக்குறாங்க. வகுப்போட தரம்னு ஒண்ணு இருக்கு." இனி எல்லாரும் மைக்கை அணைத்து வைக்கவேண்டும், கேள்வியை டைப் செய்து அனுப்பவேண்டும், அதில் தேர்ந்தெடுத்துக் கடைசியில் சொல்வார்கள் என்று முடிவானது. டாக்டரம்மாவும் கூட்டத்தில் இருந்தார். விசிறிதான் தெரிந்தது.

"சரி சார்," என்றார். "ஆனா நான் டைப் அடிக்கதுக்குள்ள நீங்க அடுத்த படத்துக்குப் போயிருவிய."

இரண்டு மூன்று பேர் புன்னகைத்தார்கள். விதி விதியாகவே இருந்தது.

அதன்பிறகு வகுப்புகள் நேரத்துக்கு முடிந்தன. அவர் அனுப்பும் கேள்விகள் தேர்வாகவில்லை. வகுப்பு முடிந்ததும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். "ஏளா, இன்னைக்கு வெளங்காம போனது இது" என்று ஆரம்பித்து, நடுவில் யாருக்கோ ஊசி போடச் சொல்லிவிட்டுத் தொடர்வார். நான் அதைப் பாடம் எடுத்தவருக்கு அனுப்பிவைப்பேன். சிலர் பதில் சொன்னார்கள்.

அன்றைக்கும் புதன்கிழமை. கல்விப் பிரிவுத் தலைவரே சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பாதி வகுப்பில் விசிறிக் கட்டம் அதிர்ந்தது. மைக் திறந்திருந்தது. ரப்பர் செருப்புகள் ஓடும் சத்தம், ஒரு பெண் அழும் சத்தம், கட்டிலை இழுக்கும் சத்தம்.

"யாரோ மைக் ஆன்ல இருக்கு. அணைச்சுருங்க," என்றார் தலைவர்.

என்னால் இங்கிருந்தே அணைத்திருக்க முடியும். விரல் அதன்மேல்தான் இருந்தது. அதற்குள் அவர் குரல் வந்தது.

"ஏளா, இருக்கியா?"

"இருக்கேன் மேடம்."

"சங்கு குளிக்கப் போன பையன். மேல வந்ததும் இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு. பை வச்ச மாஸ்க்குல ஆக்சிஜன் போட்டாச்சு, மல்லாக்கப் படுக்க வச்சாச்சு, டிரிப் ஓடுது. ஒண்ணுக்குப் போகல, டியூப் போட்டாச்சு. ஸ்டீராய்டு போடணுமா கூடாதா, எனக்குத் தெரியல. அந்த நேவி டாக்டரப் புடி."

நான் இன்னொரு போனில் கடற்படை டாக்டருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் கேட்டது.

"டாக்டரே தெரியாதுங்காவ. ஏலே, தூக்குங்க. மறுபடி கடலுக்குள்ள எறக்கி மெல்ல மெல்ல ஏத்துனா சரியாயிரும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்."

அந்தப் பையனின் அண்ணன். கட்டில் கிரீச்சிட்டது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு நர்சுப் பெண், "மாஸ்க்கத் தொடாதீங்க அண்ணாச்சி, தொடாதீங்க," என்று கெஞ்சினாள். எங்கள் திரையில் யாரும் அசையவில்லை. இந்த மனுஷி இப்போதாவது ஒரு பொய் சொல்லக்கூடாதா, எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

"ஏலே, இங்கன பாரு," என்றார் அவர். கத்தவில்லை. "ஒங்க அம்மைக்கு மேலெல்லாம் தடிப்பு வந்தப்ப நான் என்ன சொன்னேன்?"

அப்போதுதான் அந்த அண்ணன் யார் என்று எனக்குப் புரிந்தது. தாயைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனவன்.

"தெரியாதுன்னு சொன்னிய," என்றான்.

"நீ வேற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போன. நான் தடுத்தனா?"

"இல்ல."

"இவனுக்கு எந்த ஊசி போடணும்னு இப்பவும் எனக்குத் தெரியல. அதைக் கேக்கத்தான் போன் போட்டிருக்கேன். ஆனா இந்த ஒண்ணைக் கேட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கேன். மாஸ்க்கைக் கழட்டி மறுபடி தண்ணிக்குள்ள எறக்குனா ஒன் தம்பி உயிரோட கரைக்கு வரமாட்டான். இது எனக்குத் தெரியும்."

"தெரியும்லா டாக்டரம்மா?" என்றான் அண்ணன்.

"தெரியும்."

"சரி," என்றான். யாரோ ஸ்டூலில் தொப்பென்று உட்காரும் சத்தம்.

அந்த நேரத்தில் கடற்படை டாக்டர் போனை எடுத்தார். நான் அதை மைக்கின் பக்கத்தில் பிடித்தேன். ஸ்டீராய்டு வேண்டாம், வலி விட்டதென்று அவன் சொன்னாலும் ஆக்சிஜனை நிறுத்தவேண்டாம், படுத்தபடியே சாலை வழியாகக் கொண்டுபோங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். திரையில் இருந்த கால் புண் படம் மறைந்தது. தலைவர் தன் பாடத்தை நிறுத்திவிட்டிருந்தார்.

"மேடம், ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் வழி முழுக்கப் போதுமா?" என்று கேட்டார்.

"போதுமான்னு தெரியல சார். ஒரு சிலிண்டர்தான் இருக்கு."

துறைமுக ஆஸ்பத்திரிக் கட்டத்தில் ஒரு டாக்டர் எழுந்து நின்றார். "நாங்க ரெண்டு சிலிண்டர் எடுத்துட்டு ரோட்டுல வந்து நிக்கோம். எங்கன நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க." சேம்பர் இருக்கும் இடத்தோடு தானே பேசி ஏற்பாடு செய்வதாகத் தலைவர் சொன்னார். சொன்னபடி செய்தார். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை எங்கள் வகுப்பை யாரும் விட்டுப் போகவில்லை. அன்றைய பாடம் முடியவேயில்லை. அதனால் அன்று யாருக்கும் கிரெடிட் கிடையாது. ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். மைக் விதியை யாரும் ரத்து செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து வலிப்பு நோய் பற்றிய வகுப்பில், அதுவரை ஒரு சத்தமும் வராத ஸ்ரீவைகுண்டத்துக் கறுப்புக் கட்டத்திலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அது வெளங்கல." தலைவர்தான் அன்று வகுப்பை நடத்தினார். "எந்த இடம்னு சொல்லுங்க, திரும்பப் போவோம்," என்றார். இப்போதெல்லாம் எங்கள் வகுப்பு நேரத்துக்கு முடிவதே கிடையாது.

டாக்டரம்மா இப்போது இந்தக் கடற்கரையில் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டது; மகள் மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டாள். சிஸ்டர் வேறொரு டாக்டரைக் கண்டுபிடிக்கும்வரை டாக்டரம்மா இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனார். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். அலமாரியில் இருந்ததையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சங்குகுளிப் பையன் அண்ணனோடு வந்தான். வாக்கர் வைத்து, ஒவ்வொரு அடியாக, தானே நடந்து வந்தான்.

படுக்கவைத்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். எந்தெந்த இடத்தில் தொடுவது தெரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். எழுந்து உட்கார்ந்ததும் அவன் கேட்டான்.

"டாக்டரம்மா, கால் முழுசா சரியாயிருமா? அங்கன ஒரு டாக்டர் ஓடவே செய்வேன்னாரு. இன்னொருத்தர் இவ்வளவுதான்னு சொல்லிட்டாரு."

அவர் மறுபடி உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரை விட்டுப் போகிற நேரத்தில், ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன்.

"தெரியாதுப்பா," என்றார். "போன தடவைக்கு இப்ப எடது கால்ல பலம் கூடியிருக்கு. அது தெரியும். எது வரைக்கும் கூடும்னு எனக்குத் தெரியாது."

"மறுபடி சங்கு குளிக்கப் போகலாமா?"

"போகக் கூடாது. இனி எப்பவுமே கூடாது. அதுவும் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது என்று அண்ணன் முணுமுணுத்தான். டாக்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். நானும் அண்ணனும் நின்றுகொண்டிருந்தோம். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

அப்புறம் அவன் வாக்கரைப் பிடித்து எழுந்தான். "சரி டாக்டரம்மா," என்றான். "தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவர் அவனுடைய நம்பரைக் கேட்டு, அங்கேயே தன் போனில் அடித்தார். அவன் சட்டைப் பையில் மணி ஒலித்தது.

"இதான் என் நம்பர். மஸ்கட் போனாலும் வாட்ஸப் இதுலதான். மாசா மாசம் நடக்கதை வீடியோ எடுத்து அனுப்பு," என்றார். "கேட்டுச் சொல்லுதேன்."